குழந்தை மருந்தில் மறைந்திருக்கும் கணக்கு

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நாட்டையே கலங்க வைத்த செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், சளிக்கும் இருமலுக்கும் கொடுத்த மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். இறந்தவர்களின் தொகை இருபதைத் தாண்டியது. 'கோல்ட்ரிஃப்' என்னும் அந்த மருந்து தயாரானது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்துப் பார்த்ததில் அதில் டை-எத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் அது இருக்கலாகாது என்பது விதி. அனுமதித்த எல்லையைப் போல் 486 மடங்கு!

அந்த மாதமே மத்திய சர்க்கார் ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதிக் கொடுக்கக் கூடாது; ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை வேண்டியதில்லை என்றது. தாய்மார்களும் மருந்துப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்தத் தேதி என்றெல்லாம் கடைக்காரரைக் கேட்கலானார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் அதே சீட்டில், மருந்தின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் இன்னோர் எண்ணும் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நஞ்சு ஒரு துளியும் கலவாத, எல்லாச் சோதனைகளிலும் தேறிய, முதல் தரமான மருந்தும் ஒரு குழந்தையின் ஈரலைக் கெடுத்துவிடக் கூடும். அந்த எண்ணைக் கவனியாமல் ஊற்றிக் கொடுத்தால் போதும்.

'ஒவ்வொரு 5 மி.லி.யிலும் பாராசிட்டமால் 125 மி.கி.' - இதுதான் அந்த எண். எண் ஒன்று என்று சொன்னாலும் உண்மையில் இவை இரண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு ஒளிந்துகொண்டிருக்கிறது.

மில்லிகிராமும் மில்லிலிட்டரும்

டாக்டர் மருந்தை நினைப்பது எடையில். தாய் மருந்தை அளப்பது கொள்ளளவில். குழப்பத்துக்கெல்லாம் ஊற்றுக்கண் இதுவே.

காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுப்பது வழக்கம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, மேல் அளவாக, 150 மில்லிகிராம். இவ்வளவுதான் டாக்டருடைய வேலை. இந்த 150 மில்லிகிராமைக் கண்ணால் காண முடியாது. கரண்டியில் எடுக்க முடியாது. அது பாகில் கரைந்தோ மிதந்தோ கிடக்கிறது. எவ்வளவு பாகை ஊற்றினால் 150 மில்லிகிராம் உள்ளே போகும் என்பது புட்டிக்குப் புட்டி மாறும்.

எப்படி மாறுகிறது பாருங்கள். நமது கடைகளில் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள புட்டி இருக்கிறது, 125 மி.கி. உள்ளது இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கென்று விற்கும் சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. அதே 150 மில்லிகிராமுக்கு, முதல் புட்டியில் 6.25 மி.லி. வேண்டும், இரண்டாவதில் 6 மி.லி.; மூன்றாவதில் 3 மி.லி.; சொட்டு மருந்தானால் 1.5 மி.லி. போதும். மருந்து ஒன்றே, குழந்தை ஒன்றே, காய்ச்சலும் ஒன்றே. அளவு மட்டும் நாலு விதம்.

'அரை மூடி கொடுத்தேன்', 'ஒரு மூடி கொடுத்தேன்' என்று வீடுகளில் சொல்லிக்கொள்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டா? எந்தப் புட்டியின் மூடி என்று சொல்லாதவரையில் ஒரு பொருளும் கிடையாது.

ஆரியபட்டர் காட்டிய வழி

கணக்கு கடினமானதா என்றால், அதுவும் இல்லை. கி.பி. 499-ல் ஆரியபட்டர் இயற்றிய நூலிலேயே இதற்கு விதி இருக்கிறது. திரைராசிகம் என்று பெயர். தெரிந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு தெரியாத நாலாவதைக் காண்பது. தெரிந்த மூன்றையும் பிரமாணம், பலம், இச்சை என்று குறிப்பார்கள். பலத்தை இச்சையால் பெருக்கி, பிரமாணத்தால் வகுத்தால் விடை.

நெல் விலைக்கும் ஆள் கூலிக்கும் ஏற்பட்ட அந்த விதி மருந்துப் புட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. 125 மில்லிகிராம் பிரமாணம். அதற்குக் கிடைக்கும் 5 மி.லி. பலம். வேண்டிய 150 மில்லிகிராம் இச்சை. ஐந்தை 150-ஆல் பெருக்கினால் 750. அதை 125-ஆல் வகுத்தால் 6. ஆக, 6 மி.லி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவான். ஆறாம் வகுப்பிலேயே விகிதமும் விகிதசமமும் பாடமாக வந்துவிடுகின்றன.

பெருக்கி வகுக்கப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 5 மி.லி.யில் 125 என்றால் 1 மி.லி.யில் 25. 150-க்குள் எத்தனை 25? ஆறு. 250 மி.கி. புட்டியானால் 1 மி.லி.யில் 50, 150-க்குள் மூன்று 50. முதலில் ஒரு மி.லி.யில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுவிட்டால் மற்றது தானே வந்துவிடும். பிழை இருந்தாலும் இந்த முறையில் சீக்கிரம் கண்ணில் படும். ஆஸ்பத்திரி நர்சுகளும் இப்படிப் போட்டுப் பார்ப்பதுண்டு.

அப்படியானால் தகராறு எங்கே? இரவு இரண்டு மணிக்கு, குழந்தை அனலாய்க் கொதித்துக்கொண்டிருக்கும்போது, மங்கிய விளக்கொளியில், கடுகு போன்ற எழுத்தைப் படித்து இந்தக் கணக்கைப் போடவேண்டியிருக்கிறதே, அங்கேதான் தகராறு.

கணக்கு வீட்டுக்கு வந்த கதை

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முன்னாளில் தர்மாஸ்பத்திரிக்குப் போகிறவர் கையோடு ஒரு புட்டியைக் கொண்டு போவார். கம்பவுண்டர் மருந்தைக் கலந்து அதில் ஊற்றித் தருவார். புட்டியின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒன்றை ஒட்டியிருப்பார். ஒரு பல் ஒரு வேளை. படிக்கத் தெரியாதவரும் பல்லைப் பார்த்துக் குடிக்கலாம். மில்லிகிராம், மில்லிலிட்டர் என்ற பேச்சே கிடையாது. அந்த மருந்தில் குறை சொல்ல எத்தனையோ உண்டு. கசப்பும் நிறமும் எல்லாருக்கும் ஒன்றே என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஏற்பாடு மேலானது: கணக்கு கம்பவுண்டரின் மேஜையிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு விடை மட்டும் வந்தது.

அதற்கும் முந்திய பாட்டி வைத்தியத்திலும் அப்படியே. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் உரைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டும் உரை மருந்தில், ஒவ்வொன்றையும் இத்தனை சுற்று உரைக்கவேண்டும் என்பதுதான் அளவு. அதன் பலன் பற்றி வைத்தியர்கள் வாதாடிக்கொள்ளட்டும். அளவைச் சொன்னவளும் உரைத்தவளும் ஒரே வீட்டில், ஒரே கல்லின் எதிரில் இருந்தார்கள்.

தொழிற்சாலையில் தயாராகி மூடி முத்திரையிட்ட புட்டி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மருந்து சுத்தமானது, அளவு திட்டமானது, கலவை ஒழுங்கானது - எல்லாம் சரி. ஆனால் முன்பு கம்பவுண்டர் போட்ட கணக்கு இப்போது தாயின் தலையில் விழுந்துவிட்டது. விழுந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவுமில்லை.

பொடியாக வரும் மருந்துகளில் கலக்கும் வேலையும் அவளுடையதே. கிருமிகளைக் கொல்லும் அமாக்சிசிலின் போன்றவை பொடியாக விற்கப்படுகின்றன; புட்டியில் போட்ட கோடு வரையில் தண்ணீர் விட்டுக் குலுக்கவேண்டும். 30 மி.லி. புட்டியில், 5 மி.லி.க்கு 125 மி.கி. என்ற கணக்கில், மொத்தம் 750 மி.கி. மருந்து இருக்கும். நுரையைத் தண்ணீர் என்று நினைத்து 20 மி.லி.யோடு நிறுத்திவிட்டால், ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 187.5 மி.கி. வந்துவிடும். சீட்டில் 125 என்று போட்டிருப்பது அப்புறம் வெறும் அலங்காரம்தான்.

சொட்டு மருந்து என்னும் பொறி

இந்த விஷயத்தில் மிகப் பெரிய அபாயம் சொட்டு மருந்தில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு உரியது ஆகையால் வீரியம் குறைந்தது என்று யாரும் நினைப்பார்கள். உண்மை நேர் எதிரிடை. கைக்குழந்தை நிறையக் குடிக்காது, துப்பிவிடும் என்பதற்காகவே கொஞ்சம் பாகில் நிறைய மருந்தை அடைத்திருக்கிறார்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள பாகைவிட, அளவுக்கு அளவு அது நாலு மடங்கு வீரியமுள்ளது.

அண்ணனுக்கு வழக்கமாக 6 மி.லி. கொடுக்கிறார்கள். ஒரு நாள் பாகுப் புட்டி தீர்ந்துவிட்டது. வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை அதே 6 மி.லி. ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே போவது 150 அல்ல, 600 மில்லிகிராம். நாளைக்கு நாலு முறையானால் 2,400. பத்துக் கிலோக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 600-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஜாக்கிரதையான வழக்கம். ஒரு நாள் அளவு ஒரே வேளையில் போய்விடுகிறது.

பாராசிட்டமால் மிகுந்தால் தாக்குவது ஈரலை. அதுவும் உடனே காட்டிக்கொடுப்பதில்லை. முதல் நாள் வாந்தியும் சோர்வும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சலின் களைப்பு என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது சிறந்த பலன் தருகிறது. ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் குழந்தை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓட யாருக்கும் தோன்றாது. அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு வழியாகவும் அளவு மிஞ்சுகிறது. சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மேலே சொன்ன கோல்ட்ரிஃப் மருந்தின் சேர்மானத்திலேயே அது ஒன்று. காய்ச்சலுக்கு ஒரு புட்டி, சளிக்கு ஒரு புட்டி என்று இரண்டையும் கொடுக்கும் வீட்டில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு தரம் உள்ளே போகிறது. ஒவ்வொரு புட்டிக்கும் கணக்கு சரியாக இருந்தும், இரண்டையும் கூட்டினால் தப்பாகிவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சொட்டு மருந்துப் பொறியில் பல குழந்தைகள் அகப்பட்டதுண்டு. அங்கே கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் 0.8 மி.லி.க்கு 80 மி.கி. இருந்தது, பெரிய குழந்தைகளின் பாகில் 5 மி.லி.க்கு 160 மி.கி. முன்னது பின்னதைப் போல் மூன்று மடங்கு. கடைசியில் 2011-ம் ஆண்டு மே மாதம் மருந்துக் கம்பெனிகள் தாமாகவே முன்வந்து, சொட்டு மருந்தின் வீரியத்தைக் குறைத்து, எல்லாக் குழந்தைகளுக்கும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே அளவில் தயாரிப்பதாக அறிவித்தன. தாய்மாருக்குக் கணக்குப் பாடம் நடத்துவதைவிட, கணக்கையே எடுத்துவிடுவது மேல் என்று கண்டுகொண்டார்கள். மாறுதல் காலத்தில் பழைய புட்டியும் புதுப் புட்டியும் ஒரே வீட்டில் இருந்துவிடும் அபாயம் பற்றி அந்நாட்டு மருந்து நிர்வாகம் அவ்வாண்டு டிசம்பரில் எச்சரிக்கவும் நேர்ந்தது.

அங்கும் வேலை முழுதாக முடிந்துவிடவில்லை. மற்றொரு காய்ச்சல் மருந்தான ஐபுபுரூஃபன் விஷயத்தில், கைக்குழந்தைக்கு 1.25 மி.லி.யில் 50 மி.கி., பெரிய குழந்தைக்கு 5 மி.லி.யில் 100 மி.கி. என்ற இரட்டை முறை இன்றும் நிலவுகிறது. ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு.

நமது நாட்டில் பாராசிட்டமாலுக்கே நாலு அளவு இருக்கிறது. பெரிய குழந்தை அரைப் புட்டியைக் குடிக்கவேண்டியிராமல் இருக்க 250 மி.கி. பாகு உதவுகிறது என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 120, 125 என்று ஐந்து மில்லிகிராம் வித்தியாசத்தில் இரண்டு அளவு இருப்பதால் யாருக்கு என்ன லாபம்? கைக்குழந்தைக்குப் போகும் புட்டியில் மிக அதிக வீரியத்தை வைப்பதற்கு என்ன சமாதானம்? அமெரிக்கக் குழந்தை துப்பாமல் குடிக்கும்போது நம் குழந்தை குடிக்காதா?

ஸ்பூனுக்கு ஓர் அளவு உண்டா?

கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டாலும் அளப்பதில் தவறலாம். ஒரு டீஸ்பூன் என்றால் 5 மி.லி. என்பது ஏட்டுக் கணக்கு. கிரேக்க நாட்டில் அட்டிகா பகுதியில் 25 வீடுகளிலிருந்து ஸ்பூன்களைச் சேகரித்து அளந்து பார்த்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. டீஸ்பூன் என்று பெயர் பெற்றவற்றில் மிகச் சிறியது 2.5 மி.லி. பிடித்தது, மிகப் பெரியது 7.3 மி.லி. நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தாலும் இந்த வேடிக்கையைக் காணலாம். சீராகக் கிடைத்தது ஒன்று, கல்யாணத்தில் வந்தது ஒன்று, காப்பிப் பொடி டப்பாவோடு இலவசமாக வந்தது ஒன்று. எல்லாம் டீஸ்பூன்தான்.

புட்டியோடு கொடுக்கும் பிளாஸ்டிக் மூடி மட்டும் ஒழுங்கா? அமெரிக்காவில் அதிகம் விற்பனையாகும் குழந்தை மருந்துகள் 200-ஐ ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 148 மருந்துகளோடு அளக்கும் கருவி இருந்தது. அவற்றில் 146-ல் சீட்டில் சொன்ன அளவுக்கும் கருவியில் போட்ட கோட்டுக்கும் ஏதேனும் ஒரு பொருத்தமின்மை இருந்தது.

படிக்காதவர்கள்தான் தவறுகிறார்கள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடமில்லை. அதே நாட்டில் 2,110 பெற்றோர்களை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2016-ல் வந்தது. பலமுறை அளக்கச் சொன்னதில், நூற்றுக்கு 84 பேர் ஒருமுறையாவது தவறாக அளந்தார்கள். நூற்றுக்கு 21 பேர் ஒருமுறையாவது சொன்ன அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றிவிட்டார்கள். மூடியால் அளந்தபோது பிழைக்கு இருந்த வாய்ப்பு, சிரிஞ்சால் அளந்தபோது இருந்ததைப் போல் நாலு மடங்குக்கும் மேல். எத்தனை விழிப்பாக இருந்தாலும் அகலமான மூடியில் 2.5 மி.லி.யை அளப்பது, அண்டாவில் ஆழாக்கை அளப்பது போலத்தான்.

ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோடு கோடாக அளவு போட்டிருக்கிறது. அதன் நுனியில் மூடி இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிடவேண்டும். குழந்தையின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். கன்னத்தின் உட்பக்கமாக வைத்து மெல்ல அழுத்தினால் துப்புவதும் குறையும். சங்கிலும் பாலாடையிலும் புகட்டிப் பழகிய கைக்கு இது ஒரு வித்தையே அல்ல.

வயதா, எடையா?

சீட்டுகளில் '1 முதல் 3 வயது வரை' என்று போட்டிருப்பதை நம்பி ஊற்றுகிறவர்கள் அநேகம். வயது எல்லாருக்கும் தெரியும். எடை பலருக்குத் தெரியாது. எடை தெரியாதபோது டாக்டர்கள் ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் ஆறு வயது வரையில், வயதை இரட்டித்து எட்டைக் கூட்டினால் கிலோ. மூன்று வயதுக்கு 14 கிலோ. இது நன்றாக வளர்ந்த குழந்தையின் கணக்கு.

2019-21-ம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 22 பேர். மூன்று வயதில் 10 கிலோவே இருக்கும் குழந்தைக்கு 14 கிலோவின் அளவைக் கொடுத்தால் 210 மி.கி. போகும். கிலோவுக்கு 15 என்பது 21 ஆகிவிடும். வயதுக் கணக்கில் மிகையாக மருந்து பெறுகிறவன் மெலிந்த குழந்தை. அதைத் தாங்கும் சக்தி குறைந்தவனும் அவனே. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். அந்த அட்டை டாக்டரிடம் போகும்போது கையில் இருந்தால் இந்தப் பிழைக்கு இடமில்லை.

பெரியவர்களுக்கும் இதே வம்பு

குழந்தைகளோடு இது நின்றுவிடவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் நமது நாட்டில் இரண்டு வீரியங்களில் கிடைக்கிறது. ஒன்றில் மி.லி.க்கு 40 யூனிட். மற்றதில் 100 யூனிட். அதற்கேற்பச் சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். அதில் 40 யூனிட் மருந்து இருந்தால் 20 யூனிட்தான், சரி. 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை சடக்கென்று இறங்கி மயக்கம் வரும். நேர்மாறாக நடந்தால் பாதிக்கும் குறைவான மருந்தே உள்ளே போய், ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று திகைக்கவேண்டியதுதான். மூடியின் நிறத்தை மட்டுமே நம்பி நிற்கும் பாதுகாப்பு இது. அந்தி வெளிச்சத்தில், மங்கிய கண்ணுக்கு, சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் எவ்வளவு தூரம்?

தேர்ந்த கைகளும் தவறுகின்றன. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தில் மி.லி.க்கு 10 யூனிட் உள்ள புட்டியும், 10,000 யூனிட் உள்ள புட்டியும் இருந்தன. இரண்டின் சீட்டும் நீலம். ஒன்று வெளிர் நீலம், ஒன்று கரு நீலம். 2006-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இவை இடம் மாறி மூன்று கைக்குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸ் நகரில், சினிமா நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு இதே கதி நேர்ந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தார்கள். ஆயிரம் மடங்கு பிழை!

மில்லிகிராமை மில்லிலிட்டர் என்று படித்துவிடும் பிழையோ இன்னும் சுலபமானது. மி.லி.க்கு 20 மி.கி. உள்ள மார்பின் திரவத்தில் 5 மி.கி. வேண்டுமென்றால் கால் மி.லி. போதும். அதை 5 மி.லி. என்று எண்ணி ஊற்றினால் 100 மி.கி. ஆகிவிடும், இருபது மடங்கு. இவ்வகை விபத்துகள் பற்றி 2011 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் பகிரங்கமாக எச்சரித்தது. '0.5' என்று எழுதாமல் '.5' என்று எழுதி, புள்ளி மங்கி 5 ஆவதும், '5.0' என்பது 50 ஆவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

செய்யக் கூடியது

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2015-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. திரவ மருந்தை மி.லி. ஒன்றாலேயே குறிக்கவேண்டும், டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் என்ற பேச்சே கூடாது என்பது அதன் சாரம். இதை நமது டாக்டர்கள் நாளைக்கே மேற்கொள்ளலாம், சட்டசபையைக் கூட்டவேண்டியதில்லை. புட்டிகளில் ஒரே வீரியம் என்பதற்கு மட்டும் சர்க்கார் கைவைக்கவேண்டும். நஞ்சு கலந்த மருந்தைப் பிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டும், இன்ஸ்பெக்டர் வேண்டும், வருஷக்கணக்கில் பாடுபட வேண்டும். நாலு அளவை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைப்பதற்கு ஓர் உத்தரவு போதும். கம்பெனிகளுக்கு அச்சுக் கூலி கொஞ்சம் செலவாகும்.

அதுவரையில் கணக்கு யாரிடம் இருக்கவேண்டும்? கம்பவுண்டர் செய்ததைப் போல, மருந்து எழுதுகிறவரும் மருந்து கொடுக்கிறவரும் அதைப் போட்டு முடித்துவிடவேண்டும். தற்போது சீட்டுகளில் காண்பது '5 மி.லி., மூன்று வேளை' என்பதே. எந்தப் புட்டியின் ஐந்து? கடையில் டாக்டர் எழுதிய புட்டி இல்லாதபோது வேறொன்றைத் தருகிறார்கள். பெயர் ஒன்றாக இருக்கும். வீரியம் இரண்டு மடங்காக இருக்கும். ஐந்து மட்டும் ஐந்தாகவே நிற்கும்.

'எடை 10 கிலோ. பாராசிட்டமால் 150 மி.கி. - அதாவது 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள புட்டியானால் 6 மி.லி. காய்ச்சல் இருந்தால் மட்டும், ஆறு மணிக்கு ஒரு முறை. நாளில் நாலு முறைக்கு மேல் வேண்டாம்.' இப்படி எழுத அரை நிமிஷம் கூடுதலாக ஆகலாம். அந்தச் சீட்டோடு போகும் தாயிடம் கடைக்காரர் வேறு புட்டியை எடுத்து நீட்டினால், அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல 250-ன்னு போட்டிருக்கே அண்ணே, அப்போ 3 மில்லிதானே குடுக்கணும்?" என்று கேட்பாள்.